பெரிய கைக்குப் பெரிய பட்டை

சிவசங்கரிக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: அதே பிரஷர் மெஷின், அதே நாற்காலி. அவள் கையில் கட்டினால் 118. கீழ்வீட்டுத் தனம் கையில் 126. கணவன் கலைவாணன் கையில் மட்டும் 178. மெஷினுக்கு அவன்மேல் மட்டும் என்ன கோபம்?

கலைவாணனுக்கு இதில் குழப்பமே இல்லை. பாடி பில்டிங் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்; உடம்பை ஏற்ற வாரம் இரண்டு ஸ்டீராய்டு ஊசி. போடுகிறவர் நெல்லித்தோப்பு ஜிம் மாஸ்டர் தெய்வசிகாமணி. மருத்துவப் படிப்பு முழுவதையும் வாட்ஸ்அப்பிலேயே முடித்தவர். எண்ணைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இது பிரஷர் இல்லம்மா, கையி! இவன் கையப் பாத்து மெஷினே பயந்துபோச்சு.”

“அதுவாவது பயந்துச்சே மாஸ்டர்.”

“ஊசியால இதயத்துக்கு எது வந்தாலும் பத்து வருஷம் கழிச்சுதான் வரும் சங்கரி. அப்ப பாத்துக்கலாம்,” என்றான் கலைவாணன், பத்து வருடம் கழித்து அந்த இதயம் வேறு யாருடையதோ ஆகிவிடும் என்பதுபோல. போட்டியின் முதல் பரிசு, தங்க முலாம் பூசிய முக்கால் அடி பிளாஸ்டிக் மனிதன். அவனுக்கு இதயமே கிடையாது. அந்த வகையில் கவலையில்லாதவன்.

சிவசங்கரி ரவிக்கை தைப்பவள். எதையும் அளந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. டேப்பை எடுத்துக் கணவன் புஜத்தை அளந்தாள்: பதினெட்டு அங்குலம். மெஷினின் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பதின்மூன்று அங்குலக் கைக்குத்தான் அது.

பட்டைக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அது காற்றால் உப்பி, கையை நெரித்து, உள்ளே ஓடும் ரத்தக் குழாயை மூட வேண்டும். பை கையை நன்றாகச் சுற்றிக்கொண்டால் அளவான அழுத்தம் போதும். அரைகுறையாகச் சுற்றினால் இன்னும் அழுத்தினால்தான் குழாய் மூடும். அந்தக் கூடுதலையும் மெஷின் ரத்தத்தின் தலையில் கட்டிவிடும்.

“மாஸ்டர் சொன்னதும் கொஞ்சம் சரிதான்,” என்றாள். கலைவாணன் வெற்றிக்களிப்பில் புஜத்தை முறுக்கிக் காட்டினான்.

மறுநாள் காலை பக்கத்து ஏரியாவான கதிர்காமத்தில் ஒரு மருந்துக் கடையில் ஆகப் பெரிய பட்டையாக வாங்கிவந்தாள். அவனை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்தாள். ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து அவன் செய்த கடினமான பயிற்சி அதுதான். மூன்று முறை எடுத்தாள்: 164, 162, 162.

“கொறஞ்சிடுச்சு பாத்தியா!”

“பட்டையால வந்தது பதினாறு. அது போயிடுச்சு. மீதிக்கு எந்தப் பட்டைய மாத்தறது?”

அவன் மாஸ்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து எண்ணைச் சொன்னான்.

“அதுக்கு ஒரு மாத்திர இருக்குடா,” என்றது போன். “நானே ஆறு வருஷமா போடுறேன். இதயம் வீங்கியிருக்காம், டாக்டர் சொல்றாரு.”

“நீங்க போட்டுக்கிட்டிருந்த ஊசிய எப்ப நிறுத்துனீங்க மாஸ்டர்?” என்றாள் சிவசங்கரி.

“நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சு. அப்புறந்தான் இது வந்துச்சு.”

பத்து வருடம் கழித்து வர வேண்டியது, இப்போதே போனில் பேசிக்கொண்டிருந்தது. கலைவாணன் இணைப்பைத் துண்டித்தான். எழுந்துபோய், அலமாரியில் மீதமிருந்த ஊசி மருந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அன்றே கதிர்காமத்து மருத்துவரிடம் ஊசியின் பெயரை மறைக்காமல் சொன்னார்கள். ஊசி உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், ரத்தத்தைக் கெட்டியாக்கும், அதைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்து உள்ளே இடம் குறையும் என்றார் அவர். ஆக, தீர்வு இது: பெரிய கைக்குப் பெரிய பட்டை, தினமும் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளவு, மருத்துவர் தந்த மாத்திரை, ஊசி இல்லை, இந்த வருடம் போட்டி இல்லை.