எஃபுவா வாங்கிய தனிப்பானை

1

இந்தக் கதை எனக்குச் செடெனாக்கில், பாமாயில் பிழியும் செம்பனை ஆலைக்கு எதிரே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. தேடிப் போகவில்லை. காரில் குளிர்சாதனம் கெட்டுப்போய், பட்டறையில் விட்டுவிட்டு வெயிலுக்கு ஒதுங்கினேன். உள்ளே ஹேமநாதன் உட்கார்ந்திருந்தான். செனாயில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். அந்த ஆலையில் பாய்லர் பார்ப்பவன். முன்னால் பால் இல்லாத தேநீர், பிளாஸ்டிக் கோப்பையில்.

"சாப்பிடலையா தம்பி?"

"விரதம்லாக்கா. காவடி எடுக்கிறேன்ல."

நான் கேட்கவேயில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். கம்பெனி அவனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய கதை, அங்கே அவன் தங்கிய ஓட்டல், அந்த ஓட்டல்கார அம்மா. பட்டறைக்காரன் இரண்டு தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

நான் சாந்தினி. பகலில் செனாய்த் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை, சனி ஞாயிறுகளில் கதை. என் கதைகளை முதலில் படிப்பவள் ஒருத்தி இருக்கிறாள். நான் புளுகும் இடமெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவாள். பாவி, ஒரு இடம் தப்பாது. இந்தக் கதையை மட்டும் அவளிடம் காட்டப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

2

தொடக்கம் ஒன்று: "ஆப்பிரிக்கக் காட்டின் அடர்ந்த அமைதியில் எங்கிருந்தோ முரசுகள் முழங்க, ஹேமநாதன் தன் அறையின் சன்னலை—"

[அடித்துவிட்டேன். போனில் படித்துக் காட்டியதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். "அலமாக்! என்னா முரசுக்கா? பக்கத்து ரூம்ல லாரி டிரைவருங்க பந்து பாக்குறாங்க. கோல் விழுந்தா செவுத்த தட்டுவாங்க, அந்தச் சத்தம்தான்."]

தொடக்கம் இரண்டு: "கானா நாட்டின் மேற்கில், தாக்கொராடித் துறைமுகத்திலிருந்து உள்ளே சென்றால் வரும் சிற்றூர் ஒன்றில், புதிய செம்பனை ஆலையின் பாய்லரை இயக்கிவைக்கும் பொருட்டு—"

[தகவல் சரி. கதை செத்துவிட்டது.]

தொடக்கம் மூன்று: "அந்த ஊரில் இறங்கிய ஹேமநாதனுக்கு ஊரைவிட்டு வந்த மாதிரியே இல்லை."

இதை வைத்துக்கொள்கிறேன். செம்மண் பாதை, குலை ஏற்றிய லாரி, ஆலைப் புகையின் இனிப்பு வாடை. வித்தியாசம் ஒன்றுதான். நம் ஊரில் வரிசை பிடித்து நட்ட செம்பனை, அங்கே வீட்டுக் கொல்லையிலும் ஓடைக் கரையிலும் தன் பாட்டுக்கு முளைத்துக் கிடந்தது. மரத்துக்கு அதுதானே தாய்வீடு.

3

ஓட்டலின் பெயர் காட்ஸ் டைம் லாட்ஜ். பச்சைச் சுவர், தகரக் கூரை, முற்றத்தில் ஒரு ஜெனரேட்டர். குழாயில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் வாளியில் வரும். ஆனால் படுக்கை விரிப்பு தினமும் இஸ்திரி போட்டு வரும். சிங்கப்பூரில் பெரிய ஓட்டலில் ஒருமுறை தங்கியபோது விரிப்பில் யாருடைய முடியோ கிடந்ததை நினைத்துக்கொண்டானாம்.

நடத்துபவர் எஃபுவா, ஐம்பது தாண்டிய அம்மா. எல்லாருக்கும் ஆன்டி. ஞாயிறன்று தேவாலயப் பாடகர் குழுவில் நிற்பார். மற்ற நாட்களில் அதே குரலில் டிரைவர்களை விரட்டுவார்.

[இங்கே எனக்கு ஒரு சிக்கல். எஃபுவா பேசியது அவர் ஊர் ஆங்கிலம். ஹேமநாதன் பேசியது நம் ஊர் ஆங்கிலம், வாக்கியத்துக்கு ஒரு லா. இரண்டையும் எந்தத் தமிழில் எழுதுவது? அந்த அம்மாவைச் செனாய்ச் சந்தையில் கீரை வாங்குகிறவரைப் போலவே பேசவிடப் போகிறேன். 'மை பிரதர்' என்று அவர் கூப்பிட்டதைத் 'தம்பி' ஆக்கிக்கொள்கிறேன். நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்தவர்களை வேறு எப்படிப் பேசவைப்பது?]

வந்த முதல் இரண்டு வாரம் ஹேமநாதன் ஆன்டி வைத்த மீன் குழம்பை ஒரு கட்டு கட்டினான். டிசம்பர் பாதியில் விரதம் தொடங்கியதும் மீனைத் தொடவில்லை. எஃபுவாவுக்கு முகம் வாடிப்போயிற்று.

"என்னா தம்பி, ஒடம்பு சரியில்லையா? இல்ல என் சமையல் சலிச்சுப் போச்சா?"

"இல்ல ஆன்டி. சாமிக்கு ஒரு வேண்டுதல். கறி, மீன், முட்டை எதுவும் கூடாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

அன்றைக்கே சந்தைக்குப் போய்ப் புதுப்பானை ஒன்று வாங்கிவந்தார். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று கைப்பிடியில் மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டினார். மஞ்சள் துணி! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. [என் முதல் வாசகி இங்கே கேள்விக்குறி போடுவாள். நானும் அவனிடம் கேட்டேன். "சத்தியமா மஞ்சள்தான்க்கா" என்றான்.]

சேம்பு இலையைக் கடைந்து, கத்திரிக்காய் போட்டு, சிவப்புச் செம்பனை எண்ணெய் ஊற்றி, அவித்த வாழைக்காயோடு தருவார். வாழ்நாள் முழுக்க ஆலையில் பார்த்த அந்தச் சிவப்பு எண்ணெயை ஹேமநாதன் முதன்முறையாக உணவில் ருசித்தது அங்கேதான். நம் ஊரில் அதை வெளுக்கவைத்துத்தானே போத்தலில் அடைக்கிறோம்.

4

என்ன வேண்டுதல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே நடப்பது விளங்காது.

ஹேமநாதன், பிரேமலா தம்பதிக்கு ஒரே மகள் லோஷினி. ஆறு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. போன வருடம் அறுவை சிகிச்சை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, பிள்ளை பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக ஹேமநாதன் முருகனிடம் சொன்னான். பிழைத்து வந்தாள். இப்போது எங்கள் சந்தில் சைக்கிள் ஓட்டி என் பூந்தொட்டிகளை உடைக்கிறாள்.

அவன் அங்கே விரதம் இருந்தபோது பிரேமலாவும் இங்கே இருந்தாள். பிள்ளையின் மூச்சு இந்த விரதத்தில்தான் தொங்குகிறது என்று இருவருமே நம்பினார்கள். வாயால் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

5

ஒரு ஞாயிறு மதியம், நன்றி சொல்லலாமென்று ஹேமநாதன் தன் தட்டைத் தானே கழுவச் சமையலறைக்குள் போனான். எஃபுவா அவன் பானையைத் திறந்து, ஒரு டின்னிலிருந்து பழுப்பு நிறப் பொடியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்னா ஆன்டி?"

"இதுவா? இறால் பொடி."

எஃபுவா அவன் முகத்தைப் பார்த்தார்.

"மீன் ஒன்னும் போடல தம்பி. இது வெறும் பொடி. ருசிக்கு. உப்பு மாதிரி."

"தெனமும் போட்டீங்களா?"

"போடாம எப்படிக் கொழம்பு வைக்கிறது?"

[கோபப்படுகிறீர்களா? படாதீர்கள். கறி வேண்டாம் என்று சொல்லி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால் மேலே நெத்திலி சிரிப்பது நம் எல்லாருக்கும் நடந்திருக்கிறது. 'கறி இல்லையே அக்கா, நெத்திலிதானே!' மனசில் கள்ளம் இல்லாதவர்கள் செய்கிற தப்பு இது. இதனால்தான் ஹேமநாதனுக்கும் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.]

தட்டை வைத்துவிட்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். மகளைப் பற்றி, ஓட்டையைப் பற்றி, கதவுக்கு வெளியே சொன்ன சொல்லைப் பற்றி அப்போதுதான் முழுதாகச் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான். என்னிடம் திருப்பிச் சொல்லும்போதும் கண் கலங்கியது, மாமாக் கடைக்காரர் பார்க்காத மாதிரி போனார்.

6

எஃபுவா என்ன செய்தார் என்பதைத்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு வழி.

டின்னை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார். அவன் பானைக்கு மட்டும் என்றில்லை, லாட்ஜ் முழுக்கவே நிறுத்திவிட்டார். பொடி இல்லை, கருவாடு இல்லை, மீன் இல்லை. குழம்பில் ருசியே இல்லை என்று டிரைவர்கள் கத்தினார்கள். கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்த வீட்டுல ஒரு புள்ளைக்காக நோன்பு நடக்குது. நாக்கு கேக்கலன்னா வேற எடத்துக்குப் போங்க. திரும்பி வராதீங்க."

ஒருவரும் போகவில்லை.

ஹேமநாதனிடம் தனியாகச் சொன்னார்: "முறிச்சது நான் தம்பி. அதனால மிச்சத்த நானும் சேர்ந்து இருக்கிறேன். உன் சாமி கணக்கு கேட்டா என் பேரச் சொல்லு."

அதன்பின் கேட்டார்: "புள்ள என்னா கெழமை பொறந்தா?"

நட்சத்திரம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பான், உத்திராடம், இரண்டாம் பாதம். கிழமையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அந்த ஊரில் பிறந்த கிழமைதான் பிள்ளையின் முதல் பெயர். எஃபுவா என்றால் வெள்ளிக்கிழமைக்காரி. கிழமை தெரியாத பிள்ளைக்காக எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது? அவன் அங்கேயே நின்று மனைவிக்கு வாட்ஸ்அப் அனுப்பினான்.

"லோஷினி என்னா கிழமை பொறந்தா?"

"புதன். ஏன்?"

"சும்மா."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் எஃபுவா எழுந்து நின்று, லோஷினி எகுவா என்ற பிள்ளைக்காக ஜெபிக்கச் சொன்னார். எகுவா என்றால் புதன்கிழமைக்காரி. கடல் தாண்டி எங்கேயோ ஒரு சிற்றூரில், முன்பின் பார்த்திராத ஜனம் மொத்தமும் எழுந்து நம் சந்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த டிரைவர்களும் காலையில் கிளம்பும் முன் அவனைத் தேடி வந்து கேட்பார்களாம், "எகுவா எப்படி இருக்கா?"

எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய், சந்தில் அவள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். கதை எழுதுகிறவள் இப்படி எழுதக் கூடாது என்பார்கள். பரவாயில்லை.

கிளம்பும் நாளில் ஒரு போத்தல் சிவப்பு எண்ணெயைத் துணியில் சுற்றி அவன் பையில் வைத்தார். "இத ஒன் மனைவிகிட்ட குடு. தப்பு பண்ணது எஃபுவா, மன்னிக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. சொல்லுவதானே?"

"சொல்றேன் ஆன்டி" என்றான்.

போன வாரம் வந்து இறங்கினான். போத்தலைக் கொடுத்தான். "என்னா இது?" என்று மனைவி கேட்டாள். "மில்லு சாம்பிள்" என்றான்.

7

வரும் ஞாயிறு தைப்பூசம். முடிவு வேண்டும்.

முடிவு அ: ஹேமநாதன் சொல்லிவிடுகிறான். பிரேமலா சிரிக்கிறாள். "பொடிதானே, விடுங்க."

[புளுகு. லோஷினி ஒருமுறை இருமினாலும் பிரேமலாவுக்கு அந்த டின்தான் ஞாபகம் வரும்.]

முடிவு ஆ: அவன் சொல்லவேயில்லை. காவடி எடுக்கிறான். எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

[அப்படியானால் எஃபுவாவின் மன்னிப்பு எங்கே போயிற்று? அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.]

முடிவு இ: அன்று இரவு கனவில் முருகன் வந்து—

[வேண்டாம். தைப்பூச வாரத்தில் அவருக்கே தலைக்கு மேல் வேலை.]

8

நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது.

"எழுதிட்டீங்களாக்கா?"

"முடிவு மட்டும் இல்ல தம்பி."

"யாருகிட்டயாச்சும் காட்டினீங்களா?"

"எப்படிக் காட்டுறது? நீ என்னா பேசுற?"

அவனுக்குப் பின்னால் ஆலைச் சங்கு ஊதியது.

"எப்பவும் ஒருத்தர்கிட்ட மொதல்ல கொடுப்பீங்கல்லக்கா."

"தம்பி..."

"அவகிட்ட ரெண்டு தடவ சொல்லப் போனேன்க்கா. புள்ளைக்குச் சட்ட போட்டுவிட்டுக்கிட்டு இருந்தா. நெஞ்சுல அந்தத் தழும்பு தெரிஞ்சிச்சு. வாய் வரல. எண்ணெயப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன். சொன்னா அவளுக்குப் பயம் வந்துரும். சொல்லாமக் காவடி தூக்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க எழுதினா அவ கடைசி வரைக்கும் படிப்பா. எஃபுவா ஆன்டி என்னா செஞ்சாங்கன்னு முழுசா தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் என்னைய திட்டுவா. நான் சொன்னா பாதியிலயே எழுந்து போயிருவாக்கா."

மாமாக் கடையில் இந்தக் கதை எனக்குக் கிடைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தாமல் விடுகிறேன். அவன் வேண்டுமென்றேதான் என் கையில் கொடுத்திருக்கிறான், நான்தான் புரியாமல் வாங்கிக்கொண்டேன்.

9

பிரேமலா, உன் பென்சிலைக் கீழே வை.

உன் வீட்டுக்காரரைக் கதை முழுக்க 'அவன்' என்று எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் காட்டப்போவதில்லை என்று எழுதிய வரியையும் அப்படியே விட்டிருக்கிறேன். அங்கே மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்.

வாட்ஸ்அப்பில் நீ 'ஏன்?' என்று கேட்டாய். சும்மா என்று பதில் வந்தது. ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். சிங்க்குக்கு அடியில் நீ தள்ளிவைத்திருக்கும் அந்தப் போத்தல் யார் கொடுத்தது என்றும் தெரியும். அவர் சொல்லச் சொன்னது ஆறாம் பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

காவடி எடுக்கலாமா, அடுத்த வருடம் புதிதாக விரதம் இருக்கலாமா என்று என்னைக் கேட்காதே. நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றும் உதவவில்லை. நீயும் அவரோடு சேர்ந்து விரதம் இருந்தவள்.

நீ இதைப் படிக்கும்போது அவர் என் வீட்டு வாசலில் நிற்கிறார். ஆலைச் சட்டையைக் கூட மாற்றவில்லை. உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. லோஷினி அவரைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுகிறாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் அவளை "எகுவா, எகுவா" என்று கூப்பிடுகிறார், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள்.

உன் கேட்டிலிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்கும். அவரை மட்டும் கூப்பிடு. நான் பிறகு வருகிறேன்.