ஒச்சம்மாளின் எடை

1960ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில், எரியோட்டுக்கு வடக்கே எங்கள் ஊரில் நின்ற ஒச்சம்மாளின் எடை, அவளைப் பிடிக்காதவர் ஆளுக்கு ஒரு வீசை வீதம் கூடியது. எதிர்த்து நின்ற கண்ணுசாமிக்கு நேர்மாறு. பிடித்தவர்கள் பெருகப் பெருக அவர் லேசாகி, புரட்டாசியில் தரைக்கு ஒரு முழம் மேலேதான் நடமாடினார். மாலை போட வந்தவர்கள் முக்காலி கொண்டுவந்தார்கள்.

ஒச்சம்மாள் கெட்டவளா என்றால் இல்லை. வாய்தான். பந்தியில் உட்கார்ந்துகொண்டே வெஞ்சனத்தில் உப்பில்லை என்பாள். குளத்துக்குள் வெங்காயம் நட்டவனைப் பேர் சொல்லி ஏசுவாள். ஓட்டுக் கேட்டு வந்த வீட்டிலும் கும்பிடு கிடையாது. “கரையில அம்புட்டும் நண்டு வளை. இந்த ஐப்பசிக்குத் தாங்காது. வீட்டுக்கு ஒரு ஆளு மண்ணு சுமக்கணும், வருவியா மாட்டியா?” என்பாள். கண்ணுசாமியோ பிள்ளைகளின் பேர் கேட்பார், கூழ் வாங்கிக் குடிப்பார், கரையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். குளத்துக்கரைக்கு நேர் கீழே மூன்று பிள்ளைகளோடு குடியிருந்த விதவை ராமுத்தாயே, “அவ சொல்றது நெசந்தான். ஆனா அந்த மூஞ்சிக்கு ஓட்டுப் போட மனசு வரலையே” என்றாள். எங்கள் மனசும் அதுதான், யாரைக் குறை சொல்ல? ஒச்சம்மாள் பெட்டியில் பதினோரு ஓட்டு விழுந்தது.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, மூன்று நாள் விடாத மழையில் கரை கசிந்தது. மத்தியானம் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு உடைப்பெடுத்தது. புதுத் தலைவர் வேப்பமர உயரத்தில் மிதந்தபடி தைரியம் சொன்னார். பாவம், இறங்க முடியவில்லை. கையில் கொடுத்த மண்வெட்டியும் நழுவி விழுந்தது. அப்போது ஒச்சம்மாள் முழங்கால் வரை சேற்றில் புதையப் புதைய நடந்துவந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உடைப்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் நின்றது.

ஊரே கைகூப்பியது. அதுதான் வினையாகிவிட்டது. ஒச்சம்மாள் ஒரு சாண் எழும்பினாள், அடியில் தண்ணீர் பீய்ச்சி ராமுத்தாயின் வாசல் நனைந்தது. உள்ளே மூன்று பிள்ளைகளும் கத்தின.

“கும்பிடாதீங்கடா!” என்று ஒச்சம்மாள் அதட்டினாள். “ஏத்தா ராமு, என்னைய வையி. மனசார வையி.”

ராமுத்தாய்க்கு நெஞ்சு முழுக்க நன்றியாக இருக்கும்போது எங்கிருந்து வசவு வரும்? அவள் வீட்டு மண்சுவர் இளகியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “எம்புருசன் செத்தன்னைக்கு, குடிச்சே செத்தான்னு எழவு வீட்டுல சொன்னியேடி. எம்பிள்ளைக காதுபடச் சொன்னியே. நீ நல்லா இருப்பியா?” சொல்லும்போதே பழைய ஆத்திரம் பொங்கியது. ஒச்சம்மாள் கீழே இறங்கினாள். மற்றவர்களும் வரிசையில் வந்து, அவரவர் பட்டதை நினைத்து நினைத்து ஏசினார்கள். ஆண்கள் இரண்டு பக்கமும் மண் கொட்டினார்கள்.

மழை விட்ட பிறகும் அவளைத் தூக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. தூக்கினால் கரை போய்விடும் என்று அவளே சொல்லிவிட்டாள். தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுக் கொடுத்தோம். கண்ணுசாமியை அந்த வருசமே காற்று பழனிப் பக்கம் கொண்டுபோனது.

1965 தேர்தலில் பதினோரு ஓட்டுத் தவிர மீதி எல்லாம் ஒச்சம்மாளுக்கே விழுந்தது. ராமுத்தாய்தான் சேதி சொல்லப் போனாள். “நீதான் தலைவராம், தொலை” என்று சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று திரும்பினாள். ஊரில் ஒருத்தரும் கைதட்டவில்லை. குளம் நிறைந்து கிடந்தது.