தெய்வாத்தாள் வேலையை விட்டாள்

பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் தெய்வாத்தாள் டைப்பிஸ்டாக இருந்தாள். பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் சரியில்லை என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. அப்பா இறந்தபிறகு அண்ணன் நஞ்சுண்டன் வரன் தேடுவதையே விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று யாரும் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் அவளுடைய சம்பளக் கவர் பிரிக்காமலே அவன் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்னூரில் அப்பா உழுத காட்டை விற்றுத்தான் நஞ்சுண்டன் கணபதியில் வீடு கட்டினான். காந்திபுரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்தான். மாடியில் ஓர் அறையைத் தங்கைக்கு விட்டிருந்தான். அதைப் பெரிய காரியமாகவே எல்லோரும் பேசினார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

1991ஆம் வருஷம் தலைமை எழுத்தர் லட்சுமிநாராயணன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஆலை ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த வாரம் தெய்வாத்தாள் சைக்கிளில் வந்தபோது, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, பையில் பேனா, பக்கத்தில் டிபன் கேரியர்.

"ஏனுங்க சார், ஆபீசுல ஏதாச்சும் வேலை பாக்கி இருக்குதுங்களா?"

"இல்லம்மா. சும்மா வந்தேன்."

மறுநாளும் அங்கேயே இருந்தார். அதற்கு அடுத்த நாளும். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனாள்.

"காசி, ராமேஸ்வரமெல்லாம் போகோணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே சார்?"

"பி.எஃப். பணத்தப் பையன் கேட்டான், குடுத்துட்டேன். முட்டி வேற வலிக்குது. பகல்ல வீட்டுல உக்காந்திருந்தா மருமகளுக்குத் தொந்தரவு." டீ கிளாசைக் கையில் உருட்டினார். "இத்தனை வருஷம் இந்தக் கேட்டுக்கே வந்து பழகின காலு. தானா இங்கதான் வருதும்மா."

அன்று முழுக்க அவள் அடித்த கடிதங்களில் பிழை விழுந்துகொண்டே இருந்தது. மதியம் சாப்பிடும்போது சாஜிதா பேகத்திடம் சொன்னாள். சாஜிதா கணக்குப் பிரிவில் இருந்தவள்; இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள்.

"நானும் அம்பத்தெட்டு வரைக்கும் இங்கயே கெடந்துட்டு, அப்பறம் அந்தப் பெஞ்சுல போய் உக்காரோணுமா? அதுக்கு முன்னாலயே போயிரோணும் சாஜிதா."

"போயிட்டு? சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"அதைத்தான் உங்கிட்டக் கேக்கறேன்."

சாஜிதா முதலில் சிரித்தாள். தோழியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, சொல்லு. உன் ஒருத்திக்கு மாசம் என்ன செலவு?"

தெய்வாத்தாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பதினேழு வருஷமாகச் சம்பாதிக்கிறவளுக்குத் தன் வயிற்றுக்கும் துணிக்கும் எவ்வளவு ஆகிறது என்று தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அதை மொதல்ல கண்டுபிடி" என்றாள் சாஜிதா. "நீ வேலைக்குப் போனாலும் போகாட்டியும் அந்தத் தொகை மாசாமாசம் தானா வரணும். வந்துருச்சுன்னா உன்னை யாரும் இந்தக் கேட்டுக்குள்ள இழுக்க முடியாது."

அடுத்த மாதச் சம்பளத்தை அவள் பிரித்தாள். சாப்பாட்டுக்கும் அறைக்கும் என்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கீழே போய் அண்ணனிடம் கொடுத்தாள்.

"என்ன அம்மணி, கொறையுது?"

"இது என்னோட செலவுக்குங்கண்ணா. மிச்சத்த நான் சேத்தி வெக்கறேன்."

"யாருக்கு? உனக்கு என்ன புள்ளையா குட்டியா?"

"எனக்குத்தானுங்க."

அண்ணி காளியாத்தாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நஞ்சுண்டன் கத்தினான், தங்கையை வைத்துப் பார்த்துக்கொண்ட கதையைத் தெருவே கேட்கும்படி சொன்னான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் கவரையும் நீட்டவில்லை. மூன்று மாதம் இந்தச் சண்டை நடந்தது. நான்காவது மாதம் அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். கூட வேலை பார்த்தவர்கள் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினார்கள், கலர் டிவி வாங்கினார்கள். தெய்வாத்தாள் அதே சைக்கிளில் வந்தாள். தீபாவளிக்கு ஒரு சேலை, அவ்வளவுதான். "செத்தா தலையில கட்டிட்டுப் போவாளாக்கும்" என்று காதுபடவே பேசினார்கள். ஆனாலும் அவள் வயிற்றைக் கட்டவில்லை. நல்ல காப்பித்தூள்தான் வாங்குவாள். மாம்பழக் காலத்தில் கூடையாக வாங்கிச் சாஜிதாவோடு பங்குபோட்டுத் தின்பாள். எது தனக்குச் சந்தோஷம் தருகிறது, எது அடுத்தவர் கண்ணுக்காக என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாவது வகையில்தான் பெரும் பணம் போய்க்கொண்டிருந்தது.

மிச்சப் பணத்தைத் தபால் ஆபீசில் போட்டுவந்தாள். மறு வருஷம் சரவணம்பட்டி தாண்டி நாலு சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தது. தார் ரோடு கிடையாது, சுற்றிலும் சோளக்காடு. "நரி குடியிருக்கற எடத்துல யாரு வாடகைக்கு வருவா?" என்றான் நஞ்சுண்டன். அவள் வாங்கினாள். ஆலைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, பி.எஃப்.பிலும் கொஞ்சம் எடுத்து, ஒட்டினாற்போல மூன்று சின்ன லைன் வீடுகள் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தனாரோடு நின்று தானே செங்கல்லுக்குத் தண்ணீர் விட்டாள். பக்கத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று வந்தது; அங்கே வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு வீடு தேடினார்கள். முதல் குடித்தனம் பால் காய்ச்சிய அன்று அவர்கள் கொடுத்த வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எட்டு மணி நேரம் டைப் அடிக்காமல் அவள் கைக்கு வந்த முதல் பணம் அது.

1996ல் நஞ்சுண்டன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினான். அவன் மகன் அருள்குமார் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. ஊரே பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஊட்டை அடமானம் வெச்சு நானே போட்டிருக்கறேன் அம்மணி. நீ அந்த லைன் ஊட்டை வித்துப் போட்டுட்டா, நாளைக்கே வேலைய உட்டுறலாம். அதுதான உன்ற ஆசை?"

அதில் ஒரு வார்த்தை அவளை அசைத்துவிட்டது. நாளைக்கே! அன்றிரவு அவள் தூங்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்கே போனாள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, உட்கார்ந்ததும் கையில் ஆரஞ்சு ஜூஸ். டை கட்டிய மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார்.

அவள் கேட்டாள்: "எங்ககிட்ட வாங்கற பணத்த வெச்சு நீங்க என்ன பண்றீங்க?"

"பல துறைகள்ல முதலீடு பண்றோம் மேடம்."

"எதுலீங்க? மாசம் மூணு ரூபா எங்களுக்குக் குடுத்து, இந்த ஏசிக்கும் குடுத்து, உங்களுக்கும் மிச்சமாகற தொழில் எதுங்க? எங்க மில்லுல அத்தன மிசினு ஓடியும் அதுல பாதி கெடைக்கறதில்லீங்க."

மேனேஜர் பக்கத்தில் நின்ற அருள்குமாரைப் பார்த்தார். அருள்குமார் கார்பெட்டைப் பார்த்தான். அவள் ஜூஸைக் குடித்து முடித்து எழுந்தாள்.

"நான் போடலீங்கண்ணா" என்று வீட்டில் சொன்னபோது நஞ்சுண்டன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அண்ணன் பேச்சை நம்பாதவ அண்ணன் ஊட்டுல எதுக்கு இருக்கோணும்?" என்றான். அவள் அழுதாள். அழுதுகொண்டே துணிகளை மூட்டை கட்டினாள். லைன் வீட்டில் ஒன்று அந்த வாரம்தான் காலியாகியிருந்தது. சாஜிதா தன் வீட்டுக்காரரோடு வந்து கட்டிலையும் பாத்திரங்களையும் டெம்போவில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் நாள் அந்த வீட்டில் கதவைச் சாத்தியதும் தெய்வாத்தாளுக்குப் பயமாக இருந்தது. காலையில் எழுந்து தானே கதவைத் திறந்தபோது பயம் போய்விட்டது.

1998 ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நடத்தியவர்கள் ஊரிலேயே இல்லை. நஞ்சுண்டனின் கடை கைமாறியது. அடமானத்தில் இருந்த கணபதி வீடும் போனது. ஒரு மாலை அவன் சரவணம்பட்டிக்கு வந்து வாசலில் நின்றான். இரண்டு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"வாங்கண்ணா. உள்ள வாங்க."

அவன் உட்காரவில்லை. "இந்த எடத்த வித்தா ஊட்டை மீட்டுப்போடலாம் அம்மணி. கேக்கறதுக்கு எனக்கு மொகமில்ல. ஆனாலும் கேக்கறேன்."

பக்கத்து வீட்டுக் குடித்தனம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தது. அதற்குப் புதுக் குடித்தனம் வந்து வாடகை தொடர்ந்தால், அடுத்த சித்திரையில் வேலையை விட்டுவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"விக்க மாட்டேனுங்கண்ணா" என்றாள். "இது போச்சுன்னா ரெண்டு பேருமே ரோட்டுல நிக்கோணும். பக்கத்து ஊடு காலியாகுது. அண்ணியையும் அருளையும் கூட்டிட்டு வாங்க. நீங்க எந்திரிச்சு நிக்கற வரைக்கும் வாடகை வேண்டாம்."

நஞ்சுண்டன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வந்தார்கள். காளியாத்தாள் முதல் மாதம் அவள் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலோடு கொண்டுவந்து கொடுத்தாள். அருள்குமார் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். நஞ்சுண்டன் பழைய போட்டியாளர் ஒருவரின் கடையிலேயே விற்பனைக்கு நின்றான். பொங்கலுக்கு முந்திய வாரம் வாடகைப் பணத்தோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் அவன் நிமிர்ந்து நின்றிருந்த விதத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷமே, 1999 ஆடியில், தெய்வாத்தாள் ராஜினாமாக் கடிதத்தைத் தானே டைப் அடித்தாள். பிழையே விழவில்லை. ஆலை மேனேஜர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, கல்யாணமா?"

"இல்லீங்க சார்."

"வேற மில்லுல கூப்பிடறாங்களா?"

"இல்லீங்க."

"உடம்புக்கு ஏதாவது?"

"நல்லாயிருக்கறேனுங்க."

"அப்பறம் எதுக்கு? இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்குதே!"

"போதுங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. சம்பளம் போதவில்லை என்கிறாளோ என்று நினைத்து, கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கறதே போதும்னு சொன்னேனுங்க" என்றாள்.

செய்தி மதியத்துக்குள் ஆலை முழுக்கப் பரவியது. கஞ்சம் என்று பேசியவர்கள் வரிசையாக அவள் மேசைக்கு வந்தார்கள். எப்படி, எதில் போட்டாய், மனை இன்னும் கிடைக்குமா என்று கேட்டார்கள். வாடகையும், தபால் ஆபீஸ் மாத வட்டியும், பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் போட்டால் வரும் வட்டியும் சேர்ந்தால் தன் செலவுக்கு மேலேயே மிஞ்சும் என்று ஒளிக்காமல் சொன்னாள். "அதுக்கு எட்டு வருசமாச்சுங்க" என்றாள். அதைக் கேட்டதும் பாதிப் பேர் போய்விட்டார்கள். சாஜிதா மட்டும் கடைசி வரை நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொன்னதச் செஞ்சுட்டியே பாவி" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வேலைக்குப் போகாம பகலெல்லாம் என்ன பண்ணுவ?" என்று காளியாத்தாள் கேட்டாள்.

"காலைல எந்திரிச்சு யோசிப்பேனுங்க" என்றாள் தெய்வாத்தாள்.

முதல் வாரம் தூங்கினாள். இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து, காப்பி குடித்து, யோசித்து, ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து வால்பாறைக்கு. ஆலையில் இருந்த காலத்தில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஊர். முன் சீட்டில் இடம் கிடைத்தது. ஆழியாறு அணை கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கித் திரும்பும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண்போலச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த எஸ்டேட்காரப் பெண், "லீவுல வந்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"லீவெல்லாம் இல்ல கண்ணு. வேலைய உட்டுப்போட்டேன்."

"ஐயோ, பாவம்" என்றாள் அந்தப் பெண். தெய்வாத்தாள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

வால்பாறையில் மழை தூறியது. கடைத்தெருவில் சூடாக டீ வாங்கிக்கொண்டு, மலைச்சரிவு முழுக்கத் தேயிலை நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசாரித்து ஒரு விடுதியில் அறை எடுத்தாள். சாயங்காலம் மறுபடியும் பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்துவந்தபோது, காலையில் அவள் வந்த பஸ்ஸின் கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"ஏனுங்க, கடைசி பஸ்ஸுங்க. ஏறலீங்களா?"

"நீங்க போங்க" என்றாள். "எனக்கு அவசரமில்லீங்க."

அவர் விசில் ஊதினார். பஸ் பனிக்குள் இறங்கிப் போயிற்று. அவள் குடையை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் மேடேறி நடந்தாள்.