மண்டபத்துக் கிடாரம்

சாம்பல்தீவுக் கடற்கரையில் கூடாரங்கள் அடித்த சனிக்கிழமை காலையே மாகிரட் கொப்பியும் பேனையுமாகப் பூவரச மரத்தடியில் பாயை விரித்துவிட்டாள். தேவாலயப் பங்கைச் சேர்ந்த பதினெட்டுக் குடும்பங்கள் இரண்டு நாள் அங்கே தங்கப்போகின்றன. மறுநாள் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே விருந்து. கிண்ணியாவிலிருந்து அவளுடைய கணவரின் பழைய கூட்டாளி பக்கீரின் ஆட்களும் வருகிறார்கள். போன மாரியில் வீதி முழுவதும் தண்ணீரில் கிடந்தபோது தோணியில் சோற்றுப் பொதிகளோடு வந்தவர்கள் அவர்கள்தான். இந்த விருந்துக்கு அவர்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டுமென்று நின்றவள் மாகிரட்.

பாயின் ஓரத்தில் பிரம்புக் கதிரையில் அவளுடைய கணவர் சிறில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக் கன்டீனில் முப்பது வருடம் சமைத்தவர். பங்கில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் பெரிய அடுப்பு அவருடையதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த பாரிசவாதம் வலது கையையும் காலையும் விழுத்தியதோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்கள் கதைப்பது அவருக்கு நன்றாக விளங்கும். தான் சொல்ல வேண்டியதும் மனதுக்குள் ஒழுங்காகவே இருக்கும். வாயைத் திறந்தால் மட்டும் “கதிரை” என்ற ஒரே சொல் வரும். ஏன் அந்தச் சொல் என்று வைத்தியருக்கும் தெரியவில்லை. அதை விட்டால் “ஓம்.” இல்லை என்று சொல்ல நினைத்தாலும் அந்த “ஓம்”தான் வந்து விழும். எழுதப் பார்த்தால் எழுத்துகளும் அப்படியே. கைக்கு வருமுன் கலைந்துவிடும்.

“தொண்ணூறு பேர் எண்டு வையுங்கோ. பதினைஞ்சு கிலோ அரிசி காணும்தானே?” என்றாள் மாகிரட்.

காணாது. கடற்காற்றுக்கு ஆட்கள் இரண்டு மடங்கு தின்பார்கள். சிறில் இருபது என்று நினைத்தார். இப்படி எத்தனையோ விசயங்களை விட்டுவிட அவர் பழகியிருந்தார்.

கத்தரிக்காய்ப் பொரியல் ஒரு வீட்டுக்கு, சலாது இன்னொரு வீட்டுக்கு என்று கொப்பி நிறைந்தது. ஆட்டிறைச்சி பக்கீரின் பொறுப்பு. அவரே ஹலாலாக அறுப்பித்துக் கொண்டுவந்து, இங்கேயே தன் கையால் சமைப்பதாகச் சொல்லியிருந்தார். இனிப்புக்கு வட்டிலப்பம், அது அவருடைய மனைவி ஆமினா உம்மாவின் வேலை. எல்லாம் முடிந்தது என்று மாகிரட் பேனையை மூடும்போது போன் அடித்தது. பக்கீர்தான். இறைச்சி காய்ச்ச அவர் கொண்டுவருவதாக இருந்த பெரிய கிடாரத்தை ஒரு கலியாண வீட்டுக்காரர் எடுத்துப் போய்விட்டார்களாம். இனித் திங்கட்கிழமைதான் கைக்கு வருமாம்.

“அதுக்கென்ன பக்கீர் நானா, நீங்க யோசிக்காதேங்கோ. எங்கட பங்கு மண்டபத்தில பெரிய கிடாரம் ஒண்டு சும்மா கிடக்குது. மகனை அனுப்பி எடுப்பிக்கிறன்.”

சிறில் கதிரையில் நிமிர்ந்தார்.

அந்தக் கிடாரத்தில் அவர் பன்றி சமைத்திருந்தார். பாரிசவாதம் வருவதற்கு முந்திய நத்தாருக்கு, பாலன் பிறப்பு விருந்துக்கு. பன்றிக்கென்று மண்டபத்தில் வேறு பாத்திரம் இருந்தது. அன்று பார்த்து அதன் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அவசரத்தில் பொதுக் கிடாரத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். அடுப்பில் உதவிக்கு நின்றவன் ஜக்சன் ஒருவன்தான். அவன் இப்போது கட்டாரில். நத்தார் முடிந்ததும் புதுக் கிடாரம் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் பழையதில் பன்றிக்கென்று அடையாளம் வெட்ட வேண்டுமென்று நினைத்திருந்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. தை மாதம் அவர் விழுந்துவிட்டார்.

“கதிரை,” என்றார் சிறில். “கதிரை! கதிரை!”

“கதிரை குத்துதோ?” மாகிரட் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் தலையணை ஒன்றைச் செருகினாள்.

அவர் இடது கையால் அதை இழுத்து எறிந்தார். மகன் றிக்சன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுவதைக் கண்டதும் ஊன்றுகோலால் மண்ணைத் தட்டினார். பிறகு அதே கோலின் நுனியால் மணலில் கீறத் தொடங்கினார். உருண்டை உடம்பு. நாலு கால். சுருண்ட வால் ஒன்று போட்டபோது இடது கை கோணி அது நீளமாக ஓடிவிட்டது. மூஞ்சியைக் கீறினார். அதுவும் சரிவரவில்லை.

மருமகள் சுதர்ஷிகா குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது.

“மாமி, இஞ்ச பாருங்கோவன்! மாமா ஆடு கீறியிருக்கிறார். ஓம் மாமா, ஆடு வருகுது. பக்கீர் மாமா நாளைக்குக் கொண்டருவார். உங்களுக்கு நல்ல ஈரல் துண்டு எடுத்துத் தாறன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை மாதத்தில் அவர் ஒன்றைக் கீறிக் காட்டியது இதுதான் முதல் தடவை. மாகிரட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிறில் மூக்கைச் சுருக்கிப் பன்றி மாதிரி உறுமிப் பார்த்தார். சளி கட்டியிருக்கிறது என்று அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து பருக்கினாள்.

பின்னேரம் கிடாரம் வந்து இறங்கியது. விளிம்பில் அகப்பை பட்டு நெளிந்த இடம் வரைக்கும் அவருக்குத் தெரிந்த கிடாரம். பெண்கள் அதைக் கடற்கரை மணலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பக்கீர் வான் வண்டியில் வந்து இறங்கினார். துறைமுகத்தில் வள்ளம் ஓட்டியவர். கன்டீனில் சிறில் எதை வைத்தாலும் என்ன ஏது என்று கேட்காமல் சாப்பிட்டவர். ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் கேட்டதற்கு, “சிறில் தந்தா நான் பாக்கிறல்ல” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தவர். வந்த கையோடு சிறிலின் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருந்து பாருங்க. பிழை விட்டா கோலால அடிங்க,” என்று சிரித்தார்.

சிறில் அவருடைய சட்டையைப் பற்றினார். “கதிரை… கதிரை…”

“ஓம், ஓம். நான் இஞ்சதான் இரிக்கன்.”

பக்கீர் அடுப்புக்குப் போனார். எண்ணெய் காய்ந்தது. பட்டை, ஏலம், வெங்காயம் விழுந்து சீறின. இறைச்சிச் சட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சிறில் எழுந்தார். காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போய், குனிந்து, இடது கை நிறைய மணலை அள்ளிக் கிடாரத்துக்குள் எறிந்தார்.

இறைச்சிச் சட்டி தூக்கி வந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

“இஞ்சாருங்கோ! என்ன வேலை செய்யிறீங்கள்?” மாகிரட் கத்தினாள். அவர் மறுபடி குனிந்தார். றிக்சன் ஓடிவந்து பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தான். “அப்பா, வேண்டாம். அப்பா, எல்லாரும் பாக்கினம்.” சிறில் திமிறினார். நல்ல கைக்கும் அவ்வளவு பலம் இல்லை. அவரைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

கூடாரத் துணிக்கு வெளியே பேசியதெல்லாம் கேட்டது. மாகிரட் அழுது மன்னிப்புக் கேட்டாள். “முந்தி தான் காய்ச்சின அடுப்பில வேற ஆக்கள் நிக்கிறதை அவரால தாங்க ஏலாமப் போச்சு நானா.” பக்கீர் சொன்னார்: “நான் ஒண்டும் நினைக்கல்ல தங்கச்சி. எனக்கு இப்பிடி வந்திருந்தா நானும் செய்வன்.” கிடாரத்தை மறுபடி கழுவும் சத்தம். மறுபடி எண்ணெய். அதன் பிறகு இறைச்சியின் வாசம், நல்ல பதத்தில்.

பக்கீர் அறியாமல் சாப்பிடுகிறார், அவருக்கு அதில் பாவமில்லை என்று சிறில் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அறிந்தவன் நான் ஒருவன்தானே, அது என்னோடு நிற்கட்டும் என்றும் சொன்னார். இரண்டும் சரி என்றே பட்டது. இரண்டும் அவரைத் தேற்றவில்லை.

விருந்து நடந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டுகளைக் கிண்ணியாப் பெண்கள் கொண்டுவந்திருந்தார்கள். பங்குச் சனமும் அவர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் சோறு போதாமல் இரண்டு வீட்டார் கடைக்குப் பாண் வாங்க ஓடினார்கள்.

சிறிது நேரத்தில் பக்கீர் குனிந்து கூடாரத்துக்குள் வந்தார். கையில் தட்டு. அவருடைய விரல்களில் இன்னும் எண்ணெய் பளபளத்தது; அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சோற்றில் இறைச்சியை உதிர்த்து, ஒரு பிடி எடுத்து நீட்டினார்.

சிறில் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பக்கீரின் கை அப்படியே நின்றது. “கோவமா?” என்று மெதுவாகக் கேட்டார். “என்ட கையால தந்தா வேணாமா?”

இல்லை, இல்லை, இல்லை.

“ஓம்,” என்றார் சிறில்.

பக்கீரின் முகம் விழுந்தது. பிடியைத் தட்டில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு எழும்பக் கையை ஊன்றினார்.

சிறில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, தட்டுப் பக்கம் இழுத்து, வாயைத் திறந்தார். செய்வதற்கு வேறொன்றும் அவரிடம் இருக்கவில்லை.

பக்கீர் ஊட்டினார். இறைச்சி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. உப்பு ஒரு மட்டுக்குக் குறைவு. சிறில் மென்று விழுங்கினார். கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. பக்கீர் தோளில் கிடந்த துவாயால் அதை ஒற்றிவிட்டு, “சரி, சரி. ஒண்டுமில்ல,” என்று சொல்லிக்கொண்டு அடுத்த பிடியைப் பிசைந்தார்.