பெட்டியில் விட்டுப்போன மலை

தீபத் திருவிழா வரைக்கும்தான் கெடு. கவிநிலாவின் அப்பா வேடியப்பன் அதைக் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் தொழில் காலூன்றினால் சரி, இல்லாவிட்டால் சென்னையில் கிடைத்திருக்கும் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏற வேண்டும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் மனுஷர் அவர். கடலை மூட்டையைக் கையால் அமுக்கிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். இன்டர்நெட்டில் கடை என்று மகள் சொன்னபோது, அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டவர்.

கடை இருந்தது திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே, மாடி அறையில். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேண்ட்லைன் போன், கவிநிலா, அவளோடு கல்லூரியில் படித்த ஜினமதி, அவ்வளவுதான் சொத்து. வீட்டிலேயே செய்துகொள்ளும் கைவேலைகளைப் படம் பிடித்துத் தங்கள் தளத்தில் போடுவார்கள். வேண்டிய சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக் கூரியரில் அனுப்புவார்கள். அந்தக் கார்த்திகைக்கு அவர்கள் போட்டது தீபப் பெட்டி. சுட்ட அகல், வர்ணம், திரி உருட்டப் பஞ்சு, மடித்து நிறுத்த ஒரு அட்டை மாடம், கூடவே கவிநிலா எழுதிய செய்முறைத் தாள். நாக்பூர், புனே, டெல்லி என்று எங்கெங்கோ இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஆசையாக வாங்கின. இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை.

தீபத்துக்கு முந்தின வாரம் நாக்பூரிலிருந்து சந்திரம்மாள் என்கிற அம்மா போன் பண்ணினார். குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது.

“எல்லாம் அழகா வந்திருக்கும்மா. கடைசியில ‘மலையில் தீபம் தெரிந்தபின் ஏற்றவும்’னு போட்டிருக்கீங்க. பசங்க மொட்டமாடிக்குப் போய் நாலு பக்கமும் பார்த்துட்டாங்க. எந்த மலைம்மா?”

கவிநிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரவேண்டிய விஷயமா? மலைமேல் தீபம் தெரியாமல் எந்த வீட்டிலும் அகல் ஏற்றமாட்டார்கள். அவசரப்பட்டுத் தீக்குச்சியைக் கிழித்தால் அம்மா கையிலேயே ஒன்று போடுவாள். அந்தப் பழக்கத்தில், எண்ணெய் ஊற்றவும் என்பதைப் போல மலையைப் பார்க்கவும் என்று எழுதிவிட்டாள். எழுதியதைச் சரிபார்த்த ஜினமதியும் மலை தெரிகிற ஊர்க்காரி. அவளுக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் பிடித்துக்கொண்டது மின்னஞ்சல் மழை. பாதிப் பேர் கிண்டலடித்தார்கள். புனேக்காரர் ஒருவர், பெட்டியில் எல்லாம் இருக்கிறது, மலையை மட்டும் வைக்க மறந்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். சிலர் நிஜமாகவே கோபப்பட்டார்கள். கவிநிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சென்னை பஸ் கண்ணெதிரே வந்து நின்றாற்போல இருந்தது.

ஆறு மணிக்கு ஏற்றுங்கள் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றாள் ஜினமதி. கவிநிலாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“மலை இல்லாதவங்களுக்கு நாம மலையக் காட்டிடலாம்டி,” என்றாள்.

அன்றைக்கே தளத்தில் அறிவிப்புப் போட்டார்கள். தீபத்தன்று மாலை தளத்தைத் திறந்து வைத்திருங்கள், மலையில் ஏற்றியதும் படம் வரும், பார்த்துவிட்டு ஏற்றுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கீழே போன் நம்பரையும் சேர்த்தாள் ஜினமதி.

தீபத்தன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்துக்குப் பயந்து வேடியப்பனும் அந்த மாடிக்கே வந்துவிட்டார். தரிசனத்துக்கு என்றுதான் சொன்னார். ஆனால் கண் என்னவோ கம்ப்யூட்டரையே சுற்றிவந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜைன வீட்டுப் பெண் ஜினமதி. அவள் தயிர்சாதத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, கேமராவோடு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

ஆறு மணி நெருங்கும்போது கரண்ட் போனது. அந்த வருஷம் அது எப்போது வரும், எப்போது போகும் என்று அந்த அண்ணாமலையாருக்கே தெரியாது. கம்ப்யூட்டர் கறுத்துப்போனது. கவிநிலா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வீட்டில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார்களே! செல்போனை எடுத்தாள். ஊரில் அத்தனை லட்சம் ஜனம், சிக்னல் எங்கே கிடைக்கும்?

தெருவே ஒரே குரலாக “அரோகரா” என்றது. மேலேயிருந்து ஜினமதி கத்தினாள்.

“தெரிஞ்சுடுச்சுடீ!”

அந்த நேரம் பார்த்து லேண்ட்லைன் மணி அடித்தது. அதற்குக் கரண்ட் தேவையில்லை என்பதே கவிநிலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எடுத்தால் நாக்பூர் சந்திரம்மாள். கரண்ட் போயிடுச்சும்மா, படம் போட முடியல என்று கவிநிலா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். வேடியப்பன் பார்த்தார். மகள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

“தெரிஞ்சுடுச்சும்மா, நல்லா ஜெகஜோதியா தெரியுது. நீங்க ஏத்துங்க,” என்றார்.

வைத்தவுடன் மறுபடி மணி. புனே. அப்புறம் டெல்லி. மண்டியில் விலை கூவிப் பழகிய தொண்டை அது, ஊர் ஊராக மலையைக் காட்டிக்கொண்டிருந்தது. மலைமேல் கூட்டம் எப்படி, மழை உண்டா, காற்று ஜாஸ்தியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். தூரத்தில் குழந்தைகள் அரோகரா போடுவது ரிசீவர் வழியாகக் கேட்டது. அதைக் கேட்டு இவர் பதிலுக்கு அரோகரா போட்டார். நான் பேசறேன்ப்பா என்று கவிநிலா கை நீட்டியதற்கு, “நீ இரும்மா,” என்று ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். கீழே இறங்கிவந்த ஜினமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கவிநிலா ஜன்னலில் வைத்திருந்த தன் அகலை ஏற்றினாள். மனசு நிறைந்து கண் கலங்கியது.

யாரோ போனில் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் யார் பேசுவது என்று. வேடியப்பன் மகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நானா? நம்ம கம்பெனிதாம்மா. அடுத்த வருஷமும் கூப்புடுங்க, இங்கதான் இருப்போம்.”