இன்னொரு புகை

வேல்ஸ் மலையில் சுற்றுலாவுக்காக ஓடும் பழைய நீராவி ரயிலின் ஓட்டுநர் கிளெனிஸ். மழையே காணாத கோடை. தீப்பொறி பறந்துவிடுமோ என்று வண்டியை மெல்லத்தான் உருட்டினாள்.

நிறுத்தத்தில் கேமராவும் கையுமாக ஒருவர் வந்தார். "ஸ்காட்லாந்துல இதே மாதிரி வண்டியில போனோம்மா. அங்க புகையாவது நல்லா வரும். இது டீ கொதிக்கிற கெட்டில் மாதிரில்ல இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஏற்றம் வந்ததும், கரி தள்ளும் ஹூவெலிடம், "அள்ளிப் போடு" என்றாள்.

"பொறி பறக்கும்க்கா."

"பறக்கட்டும்."

கரும்புகை வானை முட்டியது. பெட்டிகளில் ஒரே கைதட்டல்.

வளைவில் திரும்பிப் பார்த்தாள். தண்டவாளத்தோரக் காய்ந்த புல்லிலிருந்து இன்னொரு புகை கிளம்பி, அவள் தம்பியின் ஆட்டுப்பட்டியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டி ஜன்னலில் அந்த மனிதர் கேமராவை அதன் பக்கம் திருப்பினார். "இப்பத்தாம்மா ஸ்காட்லாந்த மிஞ்சிட்டீங்க."