பெற்றுக்கொள்ளப்பட்டது, 11.42

"உங்க மெயில் எதுவும் வரலையே சார்" என்று பல்கலைக்கழக அலுவலகப் பெண் ஃபோனில் சொன்னபோது கோமதேஷ் சிரித்துவிட்டான். அவனிடம் சாட்சி இருந்தது. செஞ்சி கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவன், மெயில் அனுப்பச் சொந்தமாகவே ஒரு சர்வர் நடத்தினான். போகும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி பதிவாகும். எம்.எஸ்ஸி. சீட்டை ஏற்பதாக, சென்டருக்கு வரும் மாணவி வெண்மதி எழுதிய கடிதம்: வியாழக்கிழமை 11.42, எதிர்முனை பெற்றுக்கொண்டது. வெள்ளி மாலைதான் கெடு முடிந்தது.

"ஸ்பாம், வேண்டாத மெயிலத் தடுக்கறதெல்லாம் வெளி கம்பெனி பாக்குது சார். அவங்க நிறுத்துனா எங்களுக்கே தெரியாது. சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடுச்சு."

"அந்தக் கம்பெனிகிட்ட எப்படிக் கேக்கறது?"

"அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க."

அவலூர்பேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த வெண்மதி ஸ்டூலைவிட்டு எழுந்தாள். "மெயில் போயிடுச்சுன்னு சொன்னியேண்ணா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை விளக்காமல் இருக்க அவனுக்கு வராது. "பெரிய எடத்துல வாசல்ல கூலிக்கு ஒரு காவல்காரன் நிக்கறான்னு வெச்சுக்கோ. வாங்கிக்கினேன்னு மொதல்ல சொல்லிடுவான். அப்பறம்தான் யாரு அனுப்புனதுன்னு பாப்பான். சந்தேகமா இருந்தா கிழிச்சிப் போட்டுடுவான். நமக்கும் சொல்ல மாட்டான், வூட்டுக்காரனுக்கும் சொல்ல மாட்டான்."

"என் மேல இன்னா சந்தேகம்?"

கோமதேஷ் திரையில் புதன்கிழமைப் பதிவுகளுக்குப் போனான்.

அன்று, பஸ் முதலாளி பச்சைமுத்துவின் மேல்மலையனூர் கோயில் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸுக்காக இரண்டாயிரம் பேருக்கு அதே சர்வரிலிருந்து விளம்பரம் அனுப்பியிருந்தான். எல்லாம் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்களுக்கு அவனே உண்டாக்கிக் கொடுத்த மெயில் முகவரிகள். விண்ணப்பம் போனதும் அவற்றை யாரும் திறந்து பார்த்ததில்லை. பாதிக்கு மேல் செத்துவிட்டன. செத்த முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவனைத்தான் காவல்காரர்கள் முதலில் குறித்துக்கொள்வார்கள்; அப்புறம் அந்த சர்வரிலிருந்து வருவதெல்லாமே சந்தேகம்தான். இது அவனுக்குத் தெரியாததல்ல. மறுநாள் வெண்மதி தன் ஃபோனிலிருந்தே அனுப்பட்டுமா என்று கேட்டாள். "ஓசி மெயில் இன்னாத்துக்கு? நம்ம சர்வர்ல போட்டா கெத்தா இருக்கும்" என்றது அவன்தான்.

"கம்பெனிக்காரன் கோளாறும்மா" என்றான்.

"அந்த 11.42ஐ பிரிண்ட் போட்டுக் குடு. நேராப் போயி காட்டறேன்."

அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். பிரிண்ட் போட்டான். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் போடுண்ணா. வெறும் பேப்பர யாரு நம்புவாங்க?"

சென்டர் சீலை மையில் ஒற்றி, அந்த வரிக்குக் கீழே அழுத்தினான். மை கலைந்துவிடாதபடி வெண்மதி தாளை இரண்டு கையாலும் ஏந்தி, மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.